பத்தில் ஒருத்தி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மனைவியும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? கல்தூசி நெஞ்சில் இறங்காமல் மூக்கைக் கட்டிக்கொள்கிறாயா? மலையைக் குடைகிற இடத்தில் போன் எடுக்காது என்பதால் நான் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் என்றால் நான் கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

கத்துகிற நிலைமையில்தான் இருக்கிறேன். என் அறை வாசலில் "மனிதவள அதிகாரி" என்று பலகை. வளமும் இல்லை, மனிதர்களும் நிற்பதில்லை. ஜனவரியில் மட்டும் பதினோரு பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கிற ஆலையில், நீராவிக்கு நடுவில் எட்டு மணி நேரம் நிற்க யாருக்கு ஆசை? புதிதாக எடுத்த ஆறு பேரில் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. மேலே இருப்பவர்கள் நான் ஆட்களுக்கு இடம் கொடுக்கிறேன் என்கிறார்கள். கீழே இருப்பவர்கள் நான் முதலாளியின் ஆள் என்கிறார்கள். மத்தளத்துக்காவது வாசிக்காத நேரத்தில் ஓய்வு உண்டு.

இப்போது புதிதாக ஒன்று. பெரிய முதலாளிக்கு முழங்கால் வலி, வருவதில்லை. மகன்தான் பார்க்கிறார். அவர் நிர்வாகம் பற்றி மூன்று நாள் வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் ஒருவருக்குக் கடைசி இடம். கடைசி இடம் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன ஆறு மாதத்தில் மணிக்கு எத்தனை விரிப்பு முடித்தார்கள், எத்தனை நாள் வந்தார்கள் என்று பார்த்து மார்க். பெயரை அந்தந்தப் பகுதித் தலைவியே எழுதித் தர வேண்டுமாம்.

பதினோரு பேர் தாங்களாகவே போய்விட்டார்களே, நாம் வேறு அனுப்ப வேண்டுமா என்று கேட்டேன். "போறவங்க போகட்டும். போக வேண்டியவங்களை நாமதான் அனுப்பணும்" என்றார். வகுப்பில் எழுதிக்கொண்ட வாக்கியமாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கை கால் முழுசாக இருக்கிறது, இருமலும் கூடவே இருக்கிறது. உன் கடிதத்தை லாரிக்காரர் நேற்றுதான் கொடுத்தார். படித்துவிட்டுத் துளைபோடும் மெஷினில் ஏறினேன். நேற்று மட்டும் மலை கொஞ்சம் சீக்கிரமாகவே உடைந்தது.

ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது என்று கேட்பார்கள். சரி, இல்லை. அதற்காக ஆறு மாதத்துக்கு ஒரு விரலை வெட்டுவார்களா? வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் சோற்றை எதில் அள்ளுவது? உன் சின்ன முதலாளியிடம் இதைக் கேள். மூன்று நாள் வகுப்பில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

மடிப்புப் பகுதியிலும் இந்தக் கணக்கு உண்டா? என் வீட்டுக்காரி அங்கேதானே நிற்கிறாள். ஜனவரியில் அவள் எழுதிய கடிதம் நாலு வரி. எழுத்தும் சாய்ந்து கிடந்தது. அவளுக்கு உடம்பு ஒன்றும் இல்லையே? மறைக்காமல் எழுது.

உன் முதுகு வலி தேவலையா? நாற்காலிக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொள்.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் மனைவி நன்றாகவே இருக்கிறாள். ஜனவரியில் வேலை அதிகம், அதனால்தான் நாலு வரி. நீ வீணாகக் கவலைப்படாதே.

மடிப்புப் பகுதியில் நடந்ததைக் கேள். அங்கே தலைவியை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுகிறோம். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். பதினான்கு வருஷம் அதே மேசையில் நிற்கிறாள். பெயர் எழுதுகிற தாளை எல்லாத் தலைவிகளும் கொடுத்துவிட்டார்கள். சிலர் அழுதுகொண்டு கொடுத்தார்கள். நெட்டை கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தால், கடைசி இடத்தில் அவள் தன் பெயரையே எழுதியிருக்கிறாள்.

சின்ன முதலாளி அவளை என் அறைக்கே வரவழைத்தார். இது என்ன விளையாட்டு என்று கேட்டார். நெட்டை கையைக் கட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"விளையாட்டு இல்லைங்க. பத்துப் பேரையும் பாத்தேன். ஒருத்தியைக் கைகாட்டி வெளியே அனுப்புற வேலை எனக்கு வரலை. வேலை தெரியாதவ பேரைத்தானே கேட்டீங்க? அதான் என் பேரை எழுதினேன்."

அவளை அனுப்ப முடியாது. அவள் இல்லாவிட்டால் அந்தப் பகுதி ஒரு வாரத்தில் படுத்துவிடும், அது அவருக்கும் தெரியும். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பினார். ஆட்களைப் பற்றியதெல்லாம் உங்கள் வேலைதானே, வெள்ளிக்கிழமைக்குள் மார்க்கைக் கூட்டி நீங்களே ஒரு பெயர் கொடுங்கள் என்றார். நாற்பத்து நாலு வயதில், படித்த படிப்புக்கு, எனக்கு வந்து சேர்ந்த வேலையைப் பார்த்தாயா?

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

நெட்டையம்மாவின் கதையைச் சாப்பாட்டுக் கொட்டகையில் சொன்னேன். வெடி வைக்கிறவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். அப்படி ஒரு தலைவி இருந்தால் அவருக்குக் கீழே சம்பளம் குறைந்தாலும் நிற்பேன் என்று பம்புக்காரர் சொன்னார்.

உன் வெள்ளிக்கிழமை இதற்குள் தாண்டியிருக்கும். நீ என்ன செய்திருப்பாய் என்று இவர்கள் கேட்டார்கள். என் அக்கா எழுதிக் கொடுத்திருக்க மாட்டாள், தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருப்பாள் என்றேன். சரிதானே?

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெயில் தாங்கவில்லை. குளியலறைக் குழாய் உடைந்து இரண்டு நாள் அவதி, இப்போது சரியாகிவிட்டது.

ஆலையில் அந்த விவகாரம் ஒருவழியாக முடிந்தது. மடிப்புப் பகுதியில் கறை எடுக்கிற அம்மாவை அனுப்பிவிட்டார்கள். மணிக்கு முடிக்கிற விரிப்பு அவருக்குக் குறைவு, நான்கு நாள் லீவும் இருந்தது. தாளில் எண்கள் அப்படித்தான் வந்தன. மற்ற பகுதிகளிலும் சேர்த்து ஒன்பது பேர். சின்ன முதலாளி எல்லோருக்கும் கைகுலுக்கி ஒரு பை கொடுத்து அனுப்பினார். பைக்குள் ஆலையின் பெயர் போட்ட தண்ணீர் பாட்டில்.

புதிய ஆட்கள் எடுக்க நாளைக்குப் பேட்டி. இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். எத்தனை பேர் நிற்பார்களோ.

இருமலுக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை வந்தது. உடம்பு தேவலை. உன் உடம்பும் அவள் உடம்பும் எப்படி?

"அனுப்பிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய். யார்? இந்த ஊர் பேர் தெரியாத "ஆர்கள்" யார் அக்கா? சின்ன முதலாளி உன்னிடம்தானே பெயர் கேட்டார்?

கறை எடுக்கிற அம்மாவைப் பற்றிப் போன வருஷம் நீயே என்னிடம் சொன்னாய். மடிக்கும்போது கறை தெரிகிற விரிப்பெல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும், மற்றவர்கள் முடியாது என்று ஒதுக்கிய இரத்தக் கறையை அவர்தான் எடுப்பார், மருந்தில் ஊறி அவர் விரல் தோல் வெங்காயத் தோல் மாதிரி உரியும் என்றாய். மடிக்கிறவள் மணிக்கு அறுபது முடிப்பாள். கறை எடுக்கிறவர் எப்படி முடிப்பார்? துணி மடிப்பதும் கறை எடுப்பதும் ஒரே எண்ணிக்கையா? ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தி முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டு, பின்தங்கிவிட்டாள் என்று எழுதினால் அது மார்க்கா?

எனக்குச் சின்ன முதலாளி மேல் வருகிற கோபம் பெரிதில்லை. அவர் அப்படித்தான். அந்த நான்கு நாள் லீவு எதற்கு என்று உன் தாளில் எழுதியிருந்ததா? நீ பார்த்தாயா? பெயரை எழுதியது யார்?

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். விடாவிட்டால் அங்கே முகாம் மருத்துவரிடம் காட்டு, சோம்பேறித்தனம் செய்யாதே. பேட்டிக்கு வந்த இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேரை எடுத்தோம். அதில் ஐந்து பேர் இருக்கிறார்கள். உன் பழைய சைக்கிளை எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார், கொடுக்கவா?

ஆலையில் நடந்ததெல்லாம் முடிந்த கதை. நீ தூரத்தில் இருந்துகொண்டு மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அக்கா


மே 21

அக்காவுக்கு,

சைக்கிளைக் கொடுத்துவிடு.

நான் கேட்டது சைக்கிளைப் பற்றி இல்லை. உன் பதில் வரும்வரை நான் எழுதப் போவதில்லை. என் வீட்டுக்காரியும் ஆறு வாரமாக எழுதவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எதை மென்று விழுங்குகிறீர்கள்?

தம்பி


ஜூன் 17

என் அன்புக்குரியவருக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் இப்போது சுகம். "இப்போது" என்று ஏன் எழுதினேன் என்று கீழே படித்தால் தெரியும்.

ஜனவரியில் எனக்கு மஞ்சள் காமாலை. பதினேழு நாள் படுத்திருந்தேன். உங்கள் அக்காதான் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டார். சொன்னால் நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள் என்று இருவரும் பேசி மறைத்தோம். அந்தப் பொய்யில் பாதி என்னுடையது. அதற்கு என்னைத் திட்டுங்கள்.

ஆனால் மற்றதில் எனக்குப் பங்கு இல்லை. போன மாதம் மார்க் தாள்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நெட்டையக்கா என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். பதினேழு நாள் லீவுக்கு நான்தான் கடைசியாக இருக்க வேண்டும். என் பெயருக்கு நேரே, அந்தப் பதினேழு நாளும் "பயிற்சி" என்று இருந்தது. நான் எந்தப் பயிற்சிக்குப் போனேன்? நான் இருக்க வேண்டிய கடைசி இடத்துக்கு அந்த அம்மா இறங்கியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தார். பிறகு சொன்னார்: "உன்னை அனுப்பிட்டு என் தம்பி முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"அந்தம்மா முகத்துல முழிக்கிறது சுலபமா இருந்துச்சா?" என்று கேட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு மாதமாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறோம்.

இப்போது கறை மேசையில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். மணிக்குப் பன்னிரண்டு விரிப்புக்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த அம்மா பதினெட்டு எடுப்பாராம். கையுறை கிழிந்து மூன்று வாரம் ஆகிறது, கேட்டால் வரும் வரும் என்கிறார்கள். அடுத்த ஆறு மாதத்தில் கடைசி யார் என்று நான் இப்போதே சொல்லிவிடுவேன். என்னை ஒருவரும் காப்பாற்ற வேண்டாம்.

அக்காவை நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் காமாலையில் என் வாந்தியை அள்ளிக் கொட்டியவரும் அவர்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு திட்டுங்கள்.

உங்கள் மனைவி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

உடல்நலத்துக்குக் குறைவில்லை. இனி நலம் என்று எழுதினால் நீ நம்புவாயா என்று தெரியவில்லை.

பெயரை எழுதியது நான். பதினேழு நாளைப் பயிற்சி என்று மாற்றியதும் நான். வெள்ளிக்கிழமை காலையில் மாற்றினேன், பதினொரு மணிக்குத் தாளைக் கொடுத்தேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. என் அக்கா எழுதியிருக்க மாட்டாள் என்று நீ எழுதியதை அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

அந்த அம்மாவை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று உனக்கு நான் சொல்லியாக வேண்டும். எண்கள் ஒரு சாக்கு. அவர் சண்டைக்கு வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக ஆட்களைப் பார்க்கிறேன், யார் கத்துவார்கள், யார் வாயை மூடிக்கொண்டு போவார்கள் என்று தெரியாதா? அந்தத் தொழில் அறிவைத்தான் பயன்படுத்தினேன்.

ஜூன் கடைசியில் ஆஸ்பத்திரி முந்நூறு விரிப்பைத் திருப்பி அனுப்பியது. கறை போகவில்லை. சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டு, கோபம் தணிந்திருக்கும், போய் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார், வழி தவறிப் போன பூனையைச் சொல்கிற மாதிரி. போனேன்.

டயர் கடைக்குப் பின்னால் மாடியில் ஒரே அறை. என்னை உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி மனைவி என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"அந்தப் பொண்ணோட லீவு நாளைக் கணக்குலேர்ந்து கழிச்சது தப்பில்லைங்க. உடம்பு முடியாம கிடந்தவளுக்கு எதுக்கு மார்க்? என் நாலு நாளையும் கழிச்சிருக்கணும். உங்க ஆலை மருந்துலதான் என் கை வெந்துச்சு. டாக்டர் சீட்டை உங்க மேசைலதான் வச்சேன்."

வைத்திருந்தார். அது என் கோப்பில் இருக்கிறது. அப்படி எல்லோருக்கும் கழித்திருந்தால் வேறு ஒருத்தி கடைசியாகியிருப்பாளே என்று நான் சொன்னேன். இன்னும் நான் அதிகாரி மாதிரியேதான் பேசினேன், பார்.

"ஆமா. யாராவது ஒருத்தி கடைசியாத்தான் வருவா. அதைச் சின்ன முதலாளிகிட்ட சொல்லத்தானே உங்களை அந்த நாற்காலில உக்கார வச்சிருக்கு?"

திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். ஆனால் ஒன்று கேட்டார். இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். எங்கள் தாளில் "திறன் குறைவு" என்று இருந்ததால் இரண்டு இடத்திலும் எடுக்கவில்லை. "நான் மோசமா வேலை செஞ்சேன்னு ஒரு தாள் இருக்கு. அது பொய்யின்னு இன்னொரு தாள் வேணும். யார் பொய் எழுதினாங்களோ அவங்க கையெழுத்தோட."

அங்கேயே, அவர் அரிசி டப்பா மேல் தாளை வைத்து எழுதினேன். மார்க்கை மாற்றியது நான், இன்ன காரணத்துக்காக, இன்ன தேதியில். அவர் குறைந்தவர் இல்லை, ஆலையிலேயே கடினமான வேலையைச் செய்தவர். கையெழுத்துப் போட்டேன். அவர் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். மடித்து வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. கதவுவரை வந்து, "கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க" என்றார்.

நகலைச் சின்ன முதலாளியிடம் நானே கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். ஆலையின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றார். கெடுத்தது மார்ச்சில், நீங்கள் இப்போதுதான் பார்க்கிறீர்கள் என்றேன். அதே நாளில் என் மேசைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாமாம். விசாரிக்க என்ன இருக்கிறது, நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே.

அந்த அம்மாவை ஆஸ்பத்திரியே தன் சலவைக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டது. உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசி இடம் என்கிற விதி அப்படியே இருக்கிறது. நோய் லீவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, விதியையே எடுக்க வேண்டும் என்று நெட்டை ஒரு மனு எழுதி, மடிப்புப் பகுதி முழுவதும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் மனைவியும் போட்டாள். இன்னும் பதில் இல்லை. அப்படி ஒரு மனுவை மார்ச்சிலேயே நான் எழுதியிருக்கலாம். எனக்கு எழுதத் தெரியும், எழுதவில்லை.

மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன். நீ எழுதாவிட்டாலும் மாத்திரையை நிறுத்தாதே.

அக்கா


ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. உங்கள் இருவரின் உடம்பையும் இனி நேரில் பார்த்தால்தான் நம்புவேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் குறையவில்லை. என் வீட்டு அடுப்பு எரிய இன்னொருவர் அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். நான் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தாய் என்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை, திட்டவும் கை வரவில்லை. காமாலையை மறைத்ததற்குத் தனியாக ஒரு சண்டை இருக்கிறது. அதை இரண்டு பேரிடமும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தாளை எழுதிக் கொடுத்தாயே, அதை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான்கு மாதம் பிந்தித்தான் எழுதினாய். எழுதாமலே இருக்கிறவர்கள்தான் அதிகம் என்று வெடி வைக்கிறவர் சொன்னார். அதனால் ஆறுதல் வந்துவிட்டது என்று நினைக்காதே.

பத்து நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை லாரியில் இறங்குகிறேன். முதலில் டயர் கடைக்குப் பின்னால் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். என்னை உட்காரச் சொல்ல மாட்டார். நின்று பேசிவிட்டு வருகிறேன்.

விசாரணை நாளுக்கு நீ தனியாகப் போக வேண்டாம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக இல்லை, நீ என் அக்கா என்பதற்காக.

சனிக்கிழமை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவேன். நீ பயந்து உள்ளறைக்குப் போய்விடாதே. கதவை நீயே திற.

தம்பி